கையெழுத்தாகாத மூன்று பக்கம்

வக்கீலைப் பார்க்கப் போகலாம் என்று தையல்காரி ஆஸ்பத்திரியில் வைத்து முதல் தடவை சொன்னபோது லிஃப்ட்காரர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது சிரித்தார். அவருக்கு இதயக் குழாய் அடைப்பை நீக்கி வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அவள் அழுதுகொண்டே மூன்றாம் தடவை சொன்ன பிறகுதான், "சரிம்மா, போலாம். முதல்ல மூக்கைச் சிந்து" என்றார்.

முப்பது வருஷம் உயரக் கட்டிடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். அவள் மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு, கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கி இருபத்திரண்டு வருஷம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ள முடியவில்லை என்பதுதான் சரி. அவருடைய மனைவி சண்டை போட்டுக்கொண்டு மகனோடு வேறு ஊருக்குப் போனவள்; போனாளே ஒழிய விவாகரத்துக்குச் சம்மதிக்கவில்லை. ஆறு வருஷம் வழக்கு நடந்தது. வாய்தா மேல் வாய்தா. ஒரு நாள் கோர்ட் வாசலிலேயே வழக்குக் காகிதக் கட்டைக் குப்பைத் தொட்டியில் வீசிவிட்டு வந்து, "இனிமே செத்தாலும் வக்கீல் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சபதம் போட்டவர் அவர். வழக்கு அப்படியே தள்ளுபடியாகிவிட்டது.

வீடு அவர் பெயரில் இருந்தது. கடன் கொடுத்த வங்கியில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். திரை தைக்கிறவளுக்கு ஏது சம்பளச் சீட்டு? மாதம் பிறந்தால் தவணையில் பாதியை அவர் கையில் கொடுத்துவிடுவாள். அவர் தன் பாதியையும் சேர்த்துக் கட்டிவிட்டு வருவார். பதினைந்து வருஷம் இப்படியே ஓடிக் கடன் தீர்ந்தது. கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. புருஷனிடம் யாராவது ரசீது கேட்பார்களா?

ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு முதல் முதலாகப் பயம் வந்தது. சேர்க்கும்போது நீட்டிய படிவத்தில் "நோயாளிக்கு என்ன உறவு" என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தாள். கொடுத்த கையோடு, நாளைக்கு இவர் இல்லையென்றால் நாம் இந்த வீட்டில் யார் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

சொத்தும் உயிலும் மட்டும் பார்க்கிற வக்கீலம்மா ஒருத்தி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஆபீஸ். லிஃப்டில் "வேலை செய்யவில்லை" என்று அட்டை தொங்கியது. லிஃப்ட்காரர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "கதவு சென்சார் கண்ணுல தூசி. ரெண்டு நிமிஷ வேலை. துடைக்கத் துப்பில்லாம அட்டை எழுதி மாட்டியிருக்கான் பாரு" என்று முனகினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினார்.

வக்கீலம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, டாக்டர் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். வீடு யார் பெயரில், மனைவி எங்கே, மகனுக்கு என்ன வயது, அவனோடு பேச்சு வார்த்தை உண்டா.

"மொத்தமா எவ்வளவு ஆகும் மேடம்?" என்று தையல்காரிதான் கேட்டாள்.

"என் கட்டணம் பதினெட்டாயிரம். பாதி இப்ப, மீதி கையெழுத்து அன்னைக்கு. பதிவுச் செலவு தனி. சார் இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்கார், அதனால புத்தி தெளிவா இருக்குன்னு ஒரு டாக்டர் எழுதித் தரணும். அவர் ஒரு தொகை கேப்பார்."

"எத்தனை பக்கம் வரும்?" என்றார் லிஃப்ட்காரர்.

"மூணு."

"பக்கத்துக்கு ஆறாயிரமா! முப்பது மாடி லிஃப்டைப் பிரிச்சு மாட்டினாக்கூட நான் இவ்வளவு வாங்கினதில்லையேம்மா."

"லிஃப்டுக்கு நீங்க எதுக்குக் காசு வாங்கினீங்க? ஆள் ஏறினப்புறம் அறுந்து விழக்கூடாதுன்னுதானே? இதுவும் அதேதான் சார். நீங்க போனப்புறம் அறுந்து விழக்கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு எழுதித் தர ஆள் இருக்கான், நான் இல்லேங்கலை. ஆனா சட்டப்படி உங்களுக்கு ஒரு மனைவி இருக்காங்க. மகன் இருக்கார். நாளைக்கு அவங்க வக்கீல் வெச்சு ஒவ்வொரு வரியாப் பிடிச்சு இழுத்துப் பாப்பாங்க. இழுத்தா தாங்கற மாதிரி எழுதணும்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப் போயிற்று. படி இறங்கும்போது, "கெட்டிக்காரிதான்" என்றார். ஆனாலும் பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. தையல்காரிதான் ஒரு விடுதிக்கு நாற்பது ஜன்னல் திரை தைத்துக் கொடுத்து வந்த கூலியைக் கொண்டுபோய் முன்பணம் கட்டினாள்.

பத்தாம் நாள் வரைவு வந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். முதல் பக்கம் முழுக்கத் தலையாட்டினார். இரண்டாம் பக்கத்தில் தலை நின்றுவிட்டது.

"'என்னுடன் ஒரே வீட்டில் வசித்து வருபவரான'... இது யாருடி? வாடகைக்கு இருக்கறவளா?"

"நான்தாங்க."

"உன்னைப் பத்தி எழுதற லட்சணமா இது?"

உடனே போனைப் போட்டார். மனைவி என்று போடச் சொன்னார். வக்கீலம்மா முடியாது என்றாள். "சட்டப்படி அது பொய் சார். ஒரு பொய் கிடைச்சாப் போதும், மீதி எல்லாமே பொய்னு சாய்ச்சிடுவாங்க."

"அப்ப வீட்டுக்காரின்னு போடுங்க."

வக்கீலம்மா சிரித்தது பக்கத்தில் இருந்த தையல்காரிக்கே கேட்டது. "அதுக்கு ரெண்டு அர்த்தம் வருமே சார்."

"வரட்டும். ரெண்டும் சரிதானே!"

அடுத்த வரைவில் "தோழி" என்று வந்தது. "பள்ளிக்கூடத்துலயா ஒண்ணாப் படிச்சோம்?" என்று திருப்பி அனுப்பினார். அதற்கடுத்ததில் "என் நலனைக் கவனித்து வருபவர்" என்று வந்தது. "நர்ஸ்னு நினைச்சுக்குவான் படிக்கிறவன்" என்றார். இப்படியே ஒன்றரை மாதம் போயிற்று. ஒவ்வொரு திருத்தத்துக்கும் காசு கேட்காத வக்கீலம்மா, கடைசியாகத் தையல்காரியைத் தனியாகக் கூப்பிட்டு, "வார்த்தையில ஒண்ணும் இல்லம்மா. உங்க பேரு, அடையாள நம்பர் எல்லாம் சரியா இருக்கு. சீக்கிரம் கையெழுத்தை வாங்குங்க. நெஞ்சு நோவு வந்த உடம்பு, நான் சொல்ல வேண்டியதில்லை" என்றாள்.

அன்று அவள் அவரிடம் கத்தினாள். "என்ன வார்த்தை போட்டா எனக்கு என்னங்க? நாய்னு எழுதியிருந்தாலும் சம்மதம். கையெழுத்தைப் போட்டுத் தொலைங்களேன்."

"உனக்குச் சம்மதம். எனக்கு இல்லை." அவர் வரைவை மடியில் கவிழ்த்தார். "இருபத்திரண்டு வருஷம். ஒருத்தன் முன்னாடியும் உன்னை இன்னார்னு வாய் நிறையச் சொல்ல முடியலை. ஆபீஸ்ல விருந்துன்னா நான் தனியாப் போவேன். நீ இங்க மெஷினை மிதிச்சிட்டு இருப்பே. போறப்பவாவது சரியா எழுதி வெச்சிட்டுப் போறேனே. அந்தம்மா படிச்சவங்க, யோசிச்சா ஒரு வழி கிடைக்கும். அவசரப்படாதே."

உண்மையைச் சொன்னால், அந்தப் பேச்சில் அவள் மனசு குளிர்ந்திருந்தது. ஏதோ ஒரு வயதில் கேட்டிருக்க வேண்டிய சொல்லை ஐம்பத்தாறாம் வயதில் கேட்டதுபோல் இருந்தது. தைக்கும்போது தானாகச் சிரித்துக்கொண்டாள். ஒன்பது நாள் அவரை நச்சரிக்காமல் விட்டுவிட்டாள். அந்த ஒன்பது நாளைத்தான் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே முடியாத நாட்களாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் காலையில், பல் தேய்க்கப் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தபோது குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அவளைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். வெறும் காற்றுதான் வந்தது.

மூளையில் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. மூன்றாம் நாள் பேச்சு கொஞ்சம் திரும்பியது, குழறலாக. அன்றே அவள் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பேசறாராம்மா? கேட்டதுக்குப் பதில் சொல்றாரா?"

"சொல்றாரு மேடம். தண்ணி கேட்டாரு. ஜன்னலைச் சாத்தச் சொன்னாரு."

வக்கீலம்மா மறுநாளே வந்துவிட்டாள், கையில் மூன்று பக்கத்தோடு. வார்டு டாக்டரையும் கூட்டிக்கொண்டாள். சாட்சிக்குத் தன் ஆபீஸ் ஆள் இரண்டு பேரையும் அழைத்து வந்திருந்தாள். தையல்காரியை மட்டும் வெளியே நிற்கச் சொன்னாள்.

"பலன் அடையறவங்க பக்கத்துல இருந்தா, நீங்க சொல்லிக் கொடுத்தீங்கன்னு நாளைக்குப் பேச்சு வரும்மா. தள்ளி நில்லுங்க."

கட்டிலைச் சுற்றி ஒரு தடுப்புத் திரை இருந்தது. அதற்கு வெளியே போய் நின்றாள். மலிவுத் துணி; ஓரம் சரியாக மடிக்காமல் நூல் பிரிந்து தொங்கியது. பேச்சு ஒன்று விடாமல் கேட்டது.

"சார், உங்க பேர் சொல்லுங்க." சொன்னார். "என்ன சொத்து இருக்கு?" "வீடு. மூணாம் மாடி." "பிள்ளைங்க?" "ஒரு பையன்." குழறலாக இருந்தாலும் ஒவ்வொன்றும் சரியாக விழுந்தது. திரைக்கு வெளியே அவள் இரண்டு கையையும் கோத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வீட்டை உங்களுக்கு அப்புறம் யாருக்குக் கொடுக்கணும்னு நினைக்கிறீங்க?"

"என் மனைவிக்கு."

உள்ளே காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அவங்க பேரைச் சொல்லுங்க சார்."

அவர் பெயரைச் சொன்னார். குழறாமல், சுத்தமாகச் சொன்னார். அது தையல்காரியின் பெயர் இல்லை. ஊரை விட்டுப் போனவளின் பெயர். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி இவள் கேட்டதே கிடையாது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். அவசரம் இல்லை."

அவர் மறுபடியும் அதே பெயரைச் சொன்னார்.

வக்கீலம்மா வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. டாக்டர் பின்னாலேயே வந்து, இந்த நோயில் சிலருக்குப் பழைய ஞாபகம் நிற்கும், பின்னால் வந்ததெல்லாம் கலங்கிப் போகும், தெளியலாம், தெளியாமலும் போகலாம் என்று விளக்கினார். தையல்காரிக்குத் தெளியலாம் என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

இரண்டு நாள் அவர் பக்கத்திலேயே இருந்தாள். வாய் துடைத்துவிட்டாள், கஞ்சி ஊட்டினாள். ஒரு மத்தியானம் அவர் கண்ணைத் திறந்து, "ஏம்மா, மெஷின் சத்தமே காணோம்? வேலை இல்லையா?" என்றார்.

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குனிந்து, "ஏங்க, நான் யாரு?" என்று கேட்டாள்.

அவர் அந்தக் கோணல் வாயோடு சிரித்தார். "என்னடி கேள்வி? என் வீட்டுக்காரி."

நடைவழிக்கு ஓடி வந்து போன் போட்டாள். அழுகையும் சிரிப்புமாகப் பேசியதில் வக்கீலம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், கோர்ட்டில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். இந்தத் தடவை டாக்டரிடம் சொல்லி, தையல்காரியைக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தினாள்.

"சார், அங்க நிக்கிறாங்களே, அவங்க யாரு?"

"என் வீட்டுக்காரி."

"அவங்க பேரு?"

அவர் தையல்காரியின் முகத்தை நேராகப் பார்த்தார். கண்ணில் அத்தனை பிரியம். அந்தப் பிரியத்தோடேயே அந்த இன்னொருத்தியின் பெயரைச் சொன்னார்.

நடைவழியில் தையல்காரி வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேருதானே மேடம் மாறிடுச்சு. ஆளை மாத்தலையே. என்னைப் பாத்துத்தானே சொன்னாரு? அவர் பெருவிரலை நான் பிடிச்சு வெச்சிடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்மா." வக்கீலம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "டாக்டருக்கும் தெரியும். அவர் சர்டிபிகேட் தர மாட்டார். தராத அன்னைக்கு நான் ரேகை வாங்கினா, அது உயிலே இல்லை. திருட்டு."

"ஆயிரத்துக்கு எழுதறவன் வாங்கியிருப்பானே."

"வாங்கியிருப்பான்" என்றாள் வக்கீலம்மா.

ஐந்து நாள் கழித்து விடியற்காலையில் அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் உடலைச் சொந்தக்காரரிடம்தான் ஒப்படைப்போம் என்றார்கள். அவருடைய பழைய அலுவலகக் கோப்பிலிருந்து எண்ணைத் தேடி மகனை வரவழைத்தார்கள். அவன் வந்து கையெழுத்துப் போட்டான். முப்பத்தைந்து வயது, அப்பாவின் அதே தாடை. கெட்டவன் இல்லை. எரியூட்டி முடித்து வந்து, அவள் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்கதான் பாத்துக்கிட்டீங்கன்னு கீழ எல்லாரும் சொன்னாங்க. ரொம்ப நன்றிங்க" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்களுக்குச் சொந்தமா வீடு கிடையாது. அம்மாவுக்கும் வயசாயிடுச்சு. ரெண்டு மாசம் டைம் எடுத்துக்கங்க" என்றான். அவன் கத்தியிருந்தால், திட்டியிருந்தால், அவளும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள்.

தையல்காரி வக்கீலம்மாவின் ஆபீசுக்குப் போனாள். வாங்கிய ஒன்பதாயிரத்தில் வரைவுக்காக மூவாயிரம் எடுத்துக்கொண்டு, மீதியை உறையில் போட்டு மேசைமேல் வைத்தாள் வக்கீலம்மா.

"வீட்டுக் கடன்ல பாதி நான் கட்டினேனே மேடம். அதுக்கு வழி இல்லையா?"

"வழக்குப் போடலாம். ஏழு வருஷம், எட்டு வருஷம் ஆகும். சீட்டு ஏதும் இல்லாததால அக்கம்பக்கத்துச் சாட்சியை வெச்சுத்தான் நிக்கணும். என் கட்டணத்தைக் கம்மி பண்ணிக்கறேன், ஆனாலும் இந்த உயில் செலவு மாதிரி அஞ்சு மடங்கு ஆகும்." வக்கீலம்மா கொஞ்சம் தயங்கினாள். "இன்னொண்ணும் சொல்லிடணும். அவங்க பக்கம் கட்டாயம் ஆஸ்பத்திரி விஷயத்தைத் தோண்டுவாங்க. டாக்டரைக் கூண்டுல ஏத்துவாங்க. என்னையும் ஏத்தலாம். அவர் யாருக்குக் கொடுக்கணும்னு சொன்னார், யார் பேரைச் சொன்னார்னு கேப்பாங்க. உங்க முன்னாடிதான் கேப்பாங்க. நான் பொய் சொல்ல முடியாது."

தையல்காரி உறையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்தப் பெயரை நிரம்பிய கூடத்தில் ஒருவர் கேட்க, ஒருவர் சொல்ல, ஒருவர் தட்டச்சு செய்வதை நினைத்துப் பார்த்தாள். "வேண்டாம் மேடம்" என்றாள். "உங்க பேர்ல இருக்கற சேமிப்புக்காவது ஒரு உயில் எழுதி வெச்சுக்கங்களேன், காசு வேண்டாம்" என்று வக்கீலம்மா வாசல்வரை வந்து சொன்னாள். "யாருக்கு எழுதறது?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கினாள்.

இரண்டு மாதம் முடிய ஒரு வாரம் இருக்கையில் மகன் தன் அம்மாவை அழைத்து வந்தான். அந்த அம்மாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சிரைத்தாள். பருத்த உடம்பு, வீங்கிய கால், வெளுத்த தலை. இத்தனை வருஷமாகத் தான் மனதில் வைத்து வெறுத்தது இவளையா என்று தையல்காரிக்கு நம்ப முடியவில்லை. தண்ணீர் கொடுத்தாள். மகன் தண்ணீர்க் குழாயையும் மின்சாரப் பெட்டியையும் பார்க்க உள்ளே போனான்.

அந்த அம்மாள் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த அவருடைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கடைசியில ஏதாவது சொன்னாராம்மா? என்னைப் பத்தி இல்லேன்னாலும், பையனைப் பத்தி, எதாவது?"

பெயர் தையல்காரியின் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் தன் கையை விட்டு எதுவும் போகப் போவதில்லை. போக வேண்டியதெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது.

"ஒண்ணும் சொல்லலைங்க" என்றாள். "பேச்சே வரலை."

அந்த அம்மாள் தலையை ஆட்டினாள், எதிர்பார்த்த பதில்தான் என்பதுபோல. "இருந்த வரைக்கும் பேசலை. போறப்பவும் பேசலையா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "திரையெல்லாம் நல்லா இருக்கு. எடுத்துட்டுப் போயிடுவீங்களா?" என்று கேட்டாள். "இருக்கட்டும், இந்த ஜன்னல் அளவுக்குத் தைச்சது. வேற எங்கயும் சேராது" என்றாள் தையல்காரி.

திரைக்கடைக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. மெஷினும் கட்டிலும் போட்டால் நடக்க இடம் இல்லை. வேலைக்குக் குறைவில்லை, அவள் காலையில் உட்கார்ந்தால் கண் வலிக்கும்வரை தைப்பாள். சாப்பிட மறந்துபோவாள். யாரும் கேட்பதற்கில்லை. வீடு போனதுகூட அவளுக்கு மெல்ல மரத்துப் போயிற்று. அந்த அம்மாள் டம்ளரோடு உட்கார்ந்திருந்த விதம் மட்டும் மரத்துப் போகவில்லை. நம்மிடம் இருந்ததையெல்லாம் அவள் எடுத்துக்கொண்டாள் என்று ஆத்திரப்பட்டு, அவளுக்கென்று வந்த அந்தப் பெயரை நாம் எடுத்து வைத்துக்கொண்டோம். அதுவும் நமக்கு எதற்கும் உதவாத ஒன்று.

மகனின் எண் அவளிடம் இருந்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அழுத்தினாள். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து, ஒரு மழை நாள் மத்தியானம், இந்தத் தடவை வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு அழுத்தினாள். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. அவள் போனை மெஷின் மேசைமேல் வைத்துவிட்டு, பாதியில் நின்ற தையலை எடுத்தாள்.